ஒன்பது பாதம் போட்ட பாட்டு

அந்த விரிப்பு ஒரு ஆள் படுக்கும் பாய் அளவுகூட இருக்காது. வழவழப்பான பிளாஸ்டிக், நான்கு பக்கமும் நான்கு அம்புக்குறிகள், ஒரு மூலையிலிருந்து நீளமான வயர். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா ஊருக்கு வந்தபோது வீடியோ கேம் பெட்டியோடு சேர்த்து எனக்காக அதை வாங்கி வந்திருந்தார். டிவியில் பாட்டு ஓடும். கீழிருந்து அம்புகள் ஏறி வரும். எந்த அம்பு உச்சியைத் தொடுகிறதோ அந்த அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் டிவிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒத்துப்போகாததால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எந்தப் பாட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை நான் தட்டித் தட்டியே மனப்பாடம் செய்துகொண்டேன். பாட்டின் அருகில் சின்னச் சின்னப் பாதங்கள் வரைந்திருக்கும். ஒரு பாதம் என்றால் எளிது. ஒன்பது பாதம் என்றால் மூச்சு விட நேரமிருக்காது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. வகுப்பிலேயே பெரிய உடம்பு எனக்குத்தான். சீருடைப் பாவாடைக்கு என் அம்மா இரண்டு முறை தையல் பிரித்துவிட்டாள். பள்ளி மைதானத்தில் ஓடச் சொன்னால் கடைசியாக வருவேன், அதுவும் மற்றவர்கள் தண்ணீர் குடித்து முடித்த பிறகு. ஆனால் அந்த விரிப்பில் ஏறினால் எனக்கு எடையே கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க இறங்க ஆடுவேன். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதில் பாதி இன்பம்.

அந்தப் பாதியைத்தான் எங்கள் பி.டி. மாஸ்டர் பறித்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வெள்ளை பேன்ட், சுண்ணாம்பு போல வெளுத்த கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். மார்க்கெட்டில் அப்பாவைப் பார்த்தபோது, என் உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நல்ல விஷயம்லா சார், பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க, நாலு பிள்ளைகளுக்கு உடம்பு குறையட்டும்" என்றாராம் மாஸ்டர். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை பெட்டியும் விரிப்பும் அப்பாவின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் டிவியை மேடைமேல் வைத்தார்கள். மாஸ்டர் என்னையும் சேர்த்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து மேடையில் வரிசையாக நிறுத்தினார். எதற்காகப் பொறுக்கினார் என்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் ஆடத் தொடங்கியதும் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "ஏட்டி, பைய மிதி, தரை பேந்துரும். எல்லாரும் பாருங்க, இவ ஆடுதாளா, நெல்லு மிதிக்காளா?" ஹாலே சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வாராவாரம் இதே கூத்து, ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வயிற்றுவலி வந்தது. எங்களுக்கு உடம்பு குறையவில்லை என்று சொல்லமாட்டேன், குறைந்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அந்த மேடையில் நின்று பார்க்கட்டும்.

பெற்றோர் தினம் வந்தது. கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி சிறப்பு விருந்தினர். பிள்ளைகளை உடற்பயிற்சி செய்யவைக்கத் தான் கண்டுபிடித்த புது முறை என்று மாஸ்டர் மைக்கில் பேசினார். எங்கள் எட்டுப் பேரையும் ஆடவைத்துக் காட்டினார். அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மாஸ்டர், நீங்க ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன்" என்றார். மறுக்க முடியாது, முன்வரிசையில் தலைமை ஆசிரியர். ஊருக்கெல்லாம் ஆட்டம் கற்றுக்கொடுத்த மனிதர் அதுவரை ஒருநாள்கூட அந்த விரிப்பில் கால் வைத்ததில்லை. ஜப்பான் எழுத்தைத் தாண்டிப் பாட்டு எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் பக்கம் குனிந்து, "ஏட்டி, லேசானதாப் போடு, என்ன?" என்றார். குரலில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல். எனக்கு அது தேனாக இனித்தது.

ஒரு பாதம் போட்ட பாட்டைத் தாண்டினேன். மூன்று, ஐந்து, ஏழு எல்லாவற்றையும் தாண்டினேன். ஒன்பதில் நிறுத்தி அழுத்தினேன். அம்புகள் கூட்டமாகக் கிளம்பி வந்தன. மாஸ்டர் இடது காலைத் தூக்குவதற்குள் பத்து அம்பு போய்விட்டது. பிறகு அவர் குதித்தார், திரும்பினார், தன் காலையே தான் மிதித்தார். ஷூ வழுக்கி ஒரு கையை ஊன்றி எழுந்தார். விசில் அவர் முதுகுப் பக்கம் போய்த் தொங்கியது. முதலில் சிரித்தது யார் தெரியுமா? மேடையில் நின்ற நாங்கள்தான், வயிற்றுவலிக்காரி உட்பட. அதன்பிறகு ஹாலைப் பிடிக்க முடியவில்லை. பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "போதும் மாஸ்டர், போதும்" என்று அதிகாரி கையைக் காட்டினார். அன்று இரவு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயந்திரத்தின் கோளாறு என்று நினைத்துவிட்டார் போலும் என்று இருந்தேன். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். கால்கள் இறுகின, மூச்சு நீண்டது. பத்தாம் வகுப்பில் எறிபந்து அணிக்கு ஆள் எடுத்தபோது தைரியமாகப் போய் நின்றேன். நன்றாகத்தான் எறிந்தேன் என்று எனக்குத் தோன்றியது. அறிவிப்புப் பலகையில் என் பெயர் இல்லை. நமக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கிறது, நாம் இன்னும் அதே உடம்புதான் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் நான் கால் வைக்கவில்லை. கல்லூரியில் கூப்பிட்டார்கள், போகவில்லை. போட்டோ எடுத்தால் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நின்றுகொள்வேன்.

சென்ற மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் மாஸ்டர், கையில் ஊன்றுகோல், பக்கத்தில் மருமகள். இத்தனை வருடம் கழித்தாவது, அன்று அவர் ஆடியது யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தெரியாமல் போனால் பழிவாங்கியதில் என்ன இருக்கிறது? சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "சார், அன்னைக்கு அந்தப் பாட்டை நான் வேணும்னேதான் போட்டேன்" என்றேன்.

அவர் பல் தெரியச் சிரித்தார். "அப்பவே தெரியும்லா. இல்லன்னா எறிபந்துல உன் பேரை அடிச்சிருப்பனா? நல்லாத்தான் எறிஞ்ச, உன்ன மாதிரி கை ஒருத்திக்கும் கெடையாது. சரி, நீ ஒண்ணு செஞ்ச, நான் ஒண்ணு செஞ்சேன், சரியாப் போச்சு. விடு."

நல்லாத்தான் எறிஞ்ச. பதினைந்து வயதில் அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் நான் வேறு ஒருத்தியாக இருந்திருப்பேன். அவர் ஆடியது மூன்று நிமிடம்கூட இல்லை. சரியாகப் போனதாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் சார் என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

அவர் பெயரை இதில் எங்கும் நான் எழுதவில்லை. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது தேவைப்படாது. கிளம்பும் முன் அவர் மருமகளைத் தனியாகப் பார்த்து, வீட்டில் எந்தப் பத்திரிகை வாங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாமனார்தான் முதலில் எடுத்து, ஒரு வரி விடாமல் படிப்பார் என்றாள்.