எந்த திலிஸ்?

எங்கள் பள்ளத்தாக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழ வேண்டும். அதனால் ஆளைப் பண்ணை வீட்டின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவோம். என் பண்ணை பான்ட், அதனால் நான் மெய்ரிக் பான்ட். பக்கத்துப் பண்ணை திலிஸ் ஜோன்ஸ், எம்ரிஸைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து திலிஸ் ஹென்ட்ரே.

ஹென்ட்ரே முந்நூறு வருஷத்து வீடு. அங்கே வாழ்க்கைப்பட்டு வருகிறவள் பிறந்த பண்ணையிலிருந்து ஓர் ஆப்பிள் கன்று கொண்டுவந்து தோட்டத்தில் வைப்பாள். மரத்துக்கும் அந்தப் பண்ணையின் பெயர்தான். "வெர்ன்ல நல்லாக் காய்ச்சிருக்கு, பறிச்சிட்டுப் போ மெய்ரிக்" என்பாள் திலிஸ். வெர்ன் பண்ணையிலிருந்து அந்தக் கன்றைக் கொண்டுவந்தவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல். கடைசி மரம் ப்ரின், திலிஸ் வைத்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை.

வீடும் நிலமும் ஜமீனுக்குச் சொந்தம், குத்தகை எம்ரிஸ் பெயரில். அவன் செத்த மறு வசந்தத்திலேயே ஜமீன்காரர்கள் வீட்டைத் தோட்டத்தோடு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கோடைக்கு மட்டும் வந்து போகும், எங்கள் பாஷை தெரியாத ஆங்கிலேயர். மரியாதையான மனிதர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

திலிஸ் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "வீட்ட எடுத்துக்குங்க ஐயா. பேர மட்டும் மாத்திடாதீங்க."

"சேச்சே, மாத்துவேனாம்மா?" என்றார்.

டவுனில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனவள், மீதிச் சாமானை எடுக்க என்னோடு வந்தாள். வாசலில் புதுப் பலகை: ஆப்பிள் மர வீடு. பின்னால் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஆப்பிள் மரங்களை எந்திரம் பிடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பலகையாலேயே அவர் மண்டையில் போடலாம் போலிருந்தது.

"வர்றவங்க வாயில ஹென்ட்ரே நுழையலம்மா" என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு.

திலிஸ் ஓடிப்போய் ப்ரின் மரத்தைக் கட்டிக்கொண்டாள். எந்திரக்காரன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான்தான் அவள் விரல்களைப் பிரித்து இழுத்துவந்தேன். வேறு என்ன செய்ய, நிலம் அவருடையது.

"என்னை இனிமே என்னன்னுடா கூப்பிடுவீங்க?"

"திலிஸ் ஹென்ட்ரேன்னுதான்."

"ஹென்ட்ரே எங்கடா இருக்கு? காட்டு பாப்போம்."

அந்தக் குளிர்காலத்தில் இருமல் முற்றி, டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெயர் பதியும் மேசையில் இருந்தது நம்ம பாஷை பேசும் பெண்தான்.

"திலிஸ் ஜோன்ஸா? இங்க நாலு பேர் இருக்காங்களே. நீங்க எந்த திலிஸும்மா?"

திலிஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு மெய்ரிக். நான் எந்த திலிஸ்?"