தேவாலய வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் ரொதர்ஹைத் என்ற பழைய துறைமுகப் பகுதி. சுற்றுலா வழிகாட்டிச் சான்றிதழுக்கான கடைசிச் சோதனைக்காக, தூறல் மழையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். குளிரால் மட்டும் நடுங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர ஆசிரியை. லண்டனுக்கு வந்து, மிச்சம் என்ற புறநகரில் குடியிருந்துகொண்டு, ஒரு தொழிற்சாலையில் சாண்ட்விச் பொதி செய்துகொண்டிருந்தேன். உள்ளூர்க் கவுன்சில் நடத்தும் மாலை வகுப்பில் வழிகாட்டிப் பயிற்சி என்று கண்டதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேறினால் சரித்திரம் மறுபடியும் என் தொழில். தவறினால் காலம் முழுக்கச் சாண்ட்விச்தான்.

என் கணவருக்கு ஒரே சிரிப்பு.

"வெள்ளைக்காரனுக்கு அவன்ரை சரித்திரத்தை நீர் படிப்பிக்கப் போறீரோ? நல்ல பகிடி!"

"எங்கட சரித்திரத்தை அவன் எங்களுக்குப் படிப்பிக்கேல்லையோ? அப்ப நான் படிப்பிச்சால் என்ன?" என்று கேட்டேன்.

சோதனைக்குத் தந்த தலைப்பு, லண்டனில் அமெரிக்க வரலாறு. கூடப் படித்தவர்களுக்குப் பெரிய பெரிய சிலைகளும் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளும் கிடைத்தன. எனக்கு வாய்த்தவர் மேபிளவர் கப்பலின் தலைவர். பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிப்போன அந்தக் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அதை ஓட்டியவர் யார் என்று யார் கேட்கிறார்கள்? அவர் வாழ்ந்ததும் இந்த ரொதர்ஹைத்தில், புதைக்கப்பட்டதும் இங்குள்ள தேவாலய வளவில். ஆனால் எந்த இடத்தில் என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய தேவாலயத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஆட்களைக் கூட்டிப்போய் எதைத்தான் காட்டுவது?

சோதனையாளர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். கேட்பவர்களாக ஏழெட்டு அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள். ஆற்றங்கரையில் நின்று, மனப்பாடம் செய்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் மழையும் வலுத்துவிட்டது. எல்லோரையும் தேவாலயத்துக்குள் வரச் சொல்லிவிட்டு முன்னால் ஓடினேன்.

கோயிலோ தேவாலயமோ, வாசலைக் கண்டால் என் கை தானாகவே காலுக்குப் போய்விடும். யோசிக்காமலே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால், அமெரிக்கர்கள் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து சப்பாத்து நூல் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்! அதுதான் அங்கத்தைய முறை என்று நினைத்துவிட்டார்கள். கடைசியில் சோதனையாளரும் ஒரு பெருமூச்சு விட்டுக் கழற்றினார். அவருடைய காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

ஐயோ கடவுளே, துலைஞ்சுது என்று நினைத்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. ஒரு அமெரிக்க அம்மா, இது இந்தத் தேவாலயத்தின் வழக்கமா என்று மரியாதையாகக் கேட்டார். சோதனையாளரின் பேனா எழுதத் தயாராக நின்றது.

இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம், மதிப்பான இடத்தில் நாங்கள் சப்பாத்தோடு நடப்பதில்லை என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சொற்கள் தாமாகவே வந்தன. அந்தக் கப்பல் தலைவர் இந்த மண்ணில் எங்கோ கிடக்கிறார், எங்கே என்று தெரியாததால் எங்கே மிதித்தாலும் அவரை மிதிப்பதாக இருக்கலாம் என்றேன். கொட்டாவி விட்டவர் மெல்லக் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

அதன்பின் நான் ஒப்பிக்கவில்லை, கதைத்தேன். குடியேறிகளை இறக்கிய பிறகும், அந்தக் கொடிய குளிர்காலம் முழுக்க அவர் அமெரிக்கக் கரையிலேயே தங்கினார். மாலுமிகளில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். வசந்தம் வந்ததும், குடியேறிகளில் திரும்பிவர விரும்புகிறவர்கள் ஏறலாம் என்றாராம். ஒருவர்கூட ஏறவில்லை. பெண்சாதி பிள்ளைகளிடம் திரும்பி வந்தவர் அதிக காலம் இருக்கவில்லை, இறந்துபோனார். போனவர்களுக்கு ஒரு நாடே கிடைத்தது. கொண்டுபோய் விட்டவருக்கு ஒரு கல்லறைகூட மிஞ்சவில்லை.

போருக்குத் தப்பி வந்த எங்களையும் ஒருவர் படகில் ஏற்றி யாழ்ப்பாணக் கடலேரியின் அக்கரையில் சேர்த்தார், இறங்கிய அவசரத்தில் அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை, அடுத்த ஆட்களை ஏற்ற அவர் திரும்பிப் போய்விட்டார் என்று சொன்னேன். கேள்வி கேட்ட அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். யாரோ கைதட்டத் தொடங்க, அந்தக் கூரை அதிர்ந்தது!

வாசலில் நூல் கட்டியபடியே சோதனையாளர், இன்னொருமுறை இப்படிக் கழற்றவைக்க வேண்டாம், குளிர்கிறது என்றார். நிமிர்ந்து, தேறிவிட்டீர்கள், இந்த ஆண்டு நான் கேட்டதில் இதுதான் மிகச் சிறந்தது என்றார். அந்த முகத்திலும் சிரிப்பு வரும் என்று அன்றுதான் கண்டேன்.

தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் ஓடிப்போய், "இஞ்சாருங்கோ, நான் பாஸ்!" என்று கத்தினேன்.

"உண்மையாவோ? கெதியா வாரும், கோழிக்கறி வைக்கிறன்!" என்றார், அதுவரை தேத்தண்ணீர்கூட ஊற்றியறியாத மனிதர்.

அதன்பிறகு எத்தனையோ சிலைகளுக்கு முன்னால் நின்று எத்தனையோ நாட்டவர்களுக்குக் கதை சொல்லிவிட்டேன். ஆனால் கரை சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், அவர்களை இறக்கிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனவர் யார் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.