பிளாஸ்க் இல்லாமல் டீ வாங்கப் போனேன்

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் வாசலில் செக்யூரிட்டி அக்கா ஒருவர் இருப்பார். சேலைக்கு மேல் நீலச் சட்டை போட்டிருப்பார். வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்த என் ஆயாவுக்குத் துணையாக ஒன்பது நாளாக நான் உள்ளேயே கிடந்தேன். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். என்னை மாற்றிவிட கடலூரிலிருந்து வரவேண்டிய அத்தை தினமும் 'நாளைக்கு வரேன்' என்பாள். பத்தாம் நாள் மத்தியானம், டீ வாங்கி வருவதாக ஆயாவிடம் சொல்லிவிட்டுத் துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போற?"

"டீக்குக்கா."

"டீக்குப் போறவங்க பிளாஸ்க் எடுத்துக்கினு போவாங்க. நீ துணிமணிய எடுத்துக்கினு போற." கையை நீட்டினார். "பைய வச்சிட்டுப் போயிட்டு வா."

கொடுத்துவிட்டு நடந்தேன். பை போனால் போகட்டும் என்று கடலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகரப்போகும் நேரத்தில், நாலு மணிக்கு ஆயாவைத் தூக்கி உட்காரவைக்க வேறு ஆளில்லையே என்று உறைத்தது. எரிச்சலோடு இறங்கிவிட்டேன்.

வாசலில் அக்கா என் கையைப் பார்த்தார். பையைக் கொடுத்தார். கூடவே தன் பிளாஸ்க்கையும் நீட்டினார். கனமாக இருந்தது.

"வெறுங்கையோட உள்ள போனா ஆயா என்னா நினைப்பாங்க?"

அந்த டீயை அவர் எப்போது வாங்கினார்? நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயா?