ஏழாம் காம்பராவில் எத்தனை பேர்

ஆள் எண்ணுகிற அந்தப் படிவத்தை மூக்கருகே வைத்து மோந்து பார்த்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ரோனியோ மெஷினில் அடித்த தாள். மை முழுதாகக் காயாமல், மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்தாற்போல் ஒரு வாடை. பல்கலைக்கழகம் என்றால் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பதுகளின் கடைசி, எனக்கு இருபத்திரண்டு வயது. தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏற வேண்டிய தோட்டத்தில், ஒரே அறையில் ஐந்து வகுப்பும் நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரே டீச்சர். கண்டிப் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பல்கலைக்கழகமே ஒரு ஜீப்பில் ஏறி என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஒரு விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தொடும் வயது, பருத்திச் சேலை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுவதுபோல் பெரிய கடிகாரம். நான் மிஸ் என்று கூப்பிட்டேன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் யுனிவர்சிட்டி நோனா என்றார்கள். முந்திய வருஷ மழையில் பக்கத்துத் தோட்டத்து லயம் ஒன்றின் மேல் மலை சரிந்திருந்தது. மண்ணை வெட்ட வந்தவர்களுக்கு எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியவில்லை. உள்ளே யார் இருந்தார்கள், யார் வேலைக்குப் போயிருந்தார்கள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா; வெறும் காம்பராவை ஒரு பகல் முழுக்கத் தோண்டிவிட்டு, ஆள் இருந்த காம்பராவுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள். வோட்டர் லிஸ்டைப் பார்க்கலாம் என்றால் எங்கள் சனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்து அதிலிருந்து எடுத்து வருஷக்கணக்காயிற்றே. இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மிஸ்ஸுக்கு நிம்மதி போய்விட்டதாம். அனர்த்தம் நடந்த பிறகு அரிசியும் கம்பளியும் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் உதவியாகாது, நடக்குமுன்பே ஆளை எண்ணி வைத்திருப்பதும் உதவிதான் என்று தன் துறையில் மல்லுக்கட்டி, எங்கள் தோட்டத்தில் அதைச் செய்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். “பதறினாப் பிறகு எண்ணேலாது பிள்ளை. எண்ணி வச்சிட்டுப் பதறுவம்” என்பார்.

தனக்குத் தமிழ் தெரியும், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று துறையில் சொல்லிவிட்டு வந்திருந்தார் பாவம். முதல் லயத்து முதல் காம்பராவிலேயே அது ஆட்டம் கண்டது. “வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள்?” என்று அவர் கேட்க, வாசலில் நின்ற பெண் என் பக்கம் திரும்பி, “நோனா என்னா சொல்றாங்க டீச்சர்? சிங்களமா?” என்றாள். மிஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தாளெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அன்று முதல் கேள்வி கேட்பது என் வேலையாயிற்று. எனக்கு வந்த மிதப்பைச் சொல்லி மாளாது. “வீட்டுல எத்தனை பேருங்க?” என்று ஒவ்வொரு வாசலிலும் நான் கேட்பேன், மிஸ் எழுதுவார். இரண்டாம் லயத்தில் ஒருவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, “மூணு பேருங்க. மழ பேஞ்சா ரெண்டர” என்றார். தோட்டத்தில் பேர் என்றால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் விழுகிற பேர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மழையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள். அந்தக் குறும்பு எனக்குப் புரிந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மிஸ்ஸுக்கும் விளக்கினேன், அவரும் சிரித்தார். இருவரும் சிரித்து முடித்துவிட்டு மூன்று என்று எழுதிக்கொண்டோம். படித்த முட்டாள் என்று சொல்வார்களே, அன்று அந்த வாசலில் இரண்டு பேர் நின்றோம்.

மிஸ் போட்ட திட்டம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தொழிற்சாலைச் சங்கு மூன்று முறை ஊதினால் எல்லோரும் இருக்கிற இடத்தை விட்டு ஓடி வர வேண்டும். ஆற்றுக்கு இக்கரையில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு, அக்கரை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் அங்கே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு. வெள்ளம் இரைகிறபோது அக்கரையில் கத்துவது இக்கரைக்குக் கேட்காது என்பதால், லயவாரியாக வரிசையில் நின்று, ஒவ்வொரு காம்பராவிலும் மூத்த பெண் முதலில் காம்பரா எண்ணை விரலால் காட்ட வேண்டும். பிறகு தன்னோடு நிற்பவர்கள் எத்தனை என்பதைக் காட்ட வேண்டும். நான் பட்டியலைப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டே போவேன். மிச்சம் யாரென்பது ஒரு நாழிகைக்குள் தெரிந்துவிடும். ஒத்திகை நடந்த நாள் எங்களுக்குத் தேர்த் திருவிழாதான். “கொழுந்த நிறுத்தது பத்தாதுன்னு இப்ப ஆளையும் நிறுக்கிறீங்களா டீச்சர்?” என்று கேலி பேசிக்கொண்டே பெண்கள் விரல் காட்டினார்கள். ஒருத்தி வேண்டுமென்றே பத்து விரலையும் காட்டி எங்களை ஓட வைத்தாள். மிஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குதூகலித்தார். நான் அந்தப் பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தேன். பட்டியல் பழசாகாமல் இருக்க, வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் லயம் லயமாகப் போய் எத்தனை பேர் என்று திரும்பக் கேட்டு வருவதும் என் பொறுப்பு.

ஆனி மாத மழை பிடித்தது. மிஸ் ஜீப்பில் வந்து என்னோடேயே தங்கிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். மூன்றாம் லயத்து ஏழாம் காம்பரா அக்கா கதவைப் பாதி திறந்து, “அதே நாலு பேருதாங்க டீச்சர். நனையாம வீட்டுக்குப் போங்க” என்றார். நாலு என்று எழுதிச் சரி போட்டேன். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் தரை உறுமியது. மூன்றாம் லயத்தின் பின்மலை பெயர்ந்து, ஐந்து முதல் எட்டு வரை நாலு காம்பராவின் மேல் வந்து உட்கார்ந்தது. அதே வேகத்தில் ஆற்றுப் பாலமும் போயிற்று. சங்கு மூன்று முறை ஊதியது.

பயந்தேனா என்றால், பயப்பட நேரமில்லை. பட்டியல் வேலை செய்தது. கேளுங்கள், உண்மையாகவே வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் நின்றவர்களை எண்ணினேன். கரைக்கு ஓடி, மடுவத்தில் வரிசையாக நின்ற பெண்களின் விரல்களை எண்ணினேன். ஏழாம் காம்பரா அக்கா ஏழைக் காட்டி, பிறகு இரண்டைக் காட்டினார்: அவரும் மருமகளும். அவர் புருஷனும் மகனும் விடியற்காலையிலேயே ரோட்டில் விழுந்த மண்ணை வெட்ட லொறியில் போனவர்கள். ஆக நாலு, சரி. ஐந்தாம் காம்பராவில் கால் முடியாத ஒருவர், எட்டாம் காம்பராவில் காய்ச்சல்காரி ஒருத்தி, இந்த இரண்டு பேர்தான் பாக்கி என்று மிஸ் சொல்ல, ஆண்கள் வேறெங்கும் கை வைக்காமல் நேரே அந்த இரண்டு இடத்தையும் வெட்டினார்கள். மிஸ்ஸின் கடிகாரத்தில் முக்கால் மணி நேரம் ஆகவில்லை. இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “சரி வந்திட்டுது பிள்ளை, ஒருத்தரும் குறையேல்லை” என்று அழுதார். நானும் அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை. மலை இன்னும் அசைகிறது, எல்லோரும் லயத்தை விட்டு வெளியேறுங்கள் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா உத்தரவு போட்டார். வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

நல்ல செய்தியைக் கையசைத்துச் சொல்லலாமென்று நாங்கள் திரும்பக் கரைக்கு ஓடினோம். அக்கரையில் பெண்களும் கையசைத்தார்கள். மிஸ் சேலைத் தலைப்பை எடுத்து வீசினார். ஏழாம் காம்பரா அக்கா மட்டும் தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றார். இரண்டு கையையும் தூக்கினார், ஒரு கையை இறக்கினார், திரும்ப இரண்டையும் தூக்கினார். “பாவம், என்ன சந்தோஷம் அந்த மனுசிக்கு” என்றார் மிஸ். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கையாட்டினேன். ஆனால் சந்தோஷத்தில் கையாட்டுகிறவர்கள் கையை ஆட்டுவார்கள். அவர் ஆட்டவில்லை. தூக்கிய கை தூக்கியபடி அசையாமல் நின்றது. ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு. பிறகு ஒரே கை, விரித்த ஐந்து விரல். ஏழு, ஐந்து. ஏழு, ஐந்து. மண்வெட்டிகள் லயத்தை விட்டு இறங்குவதைப் பார்த்துத்தான் அவர் தண்ணீருக்கே வந்திருக்கிறார்.

பட்டியலில் நாலு, அந்த அக்கா காட்டுவது ஐந்து. ஐந்தாவது யாரென்று எனக்குத் தெரியாது. நான் ஓடினேன். “ஏழுல ஆள் இருக்கு, ஏழுல ஆள் இருக்கு” என்று கத்திக்கொண்டே ஓடினேன். மிஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழங்கால் சேற்றில் செருப்பு இரண்டையும் விட்டுவிட்டு எனக்கு முன்னால் போய், கண்டாக்கையாவின் வழியை மறித்தார். “பட்டியல்படி நாலு பேரும் சரின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?” என்று அவர் கேட்டார். “பட்டியல் பிழை” என்றார் மிஸ். தன் பல நாள் உழைப்பை அந்த இரண்டு சொல்லில் தூக்கிப் போட்டார். இதைச் சொல்ல எத்தனை படித்தவர்களால் முடியும், சொல்லுங்கள். ஆண்கள் திரும்பினார்கள். கூரைத் தகரத்தை நெம்பித் தூக்கினால், அடுப்பு மூலையில் தகரம் சாய்ந்து நின்ற இடுக்கில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். அக்காவின் மூத்த மகள், நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தவள், தலைப்பிரசவத்துக்கு வியாழக்கிழமை மாலை மழையில் வந்திருக்கிறாள். அவள் வந்ததைப் பார்த்த பெண்களெல்லாம் அக்கரையில் நின்றார்கள். அவளைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நாங்கள் கீழே இறங்கி முடிக்குமுன் இரண்டாம் முறையாக மலை சரிந்து, அந்த மூலையே இல்லாமல் போனது.

பிழைத்துவிட்டாள் என்று சொல்ல எங்கள் திட்டத்தில் சைகை ஏதும் கிடையாது. மிஸ் வெறுங்காலோடு கரைக்குப் போய், இரண்டு கையால் ஏழைக் காட்டினார். பிறகு ஒரு கையை விரித்து உயரத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அக்கரையில் அந்த அக்கா சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயுமுன் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்புப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட இடத்தில் பேரன் பிறந்தான். இந்த முறை நான் ஓடினேன். ஏழைக் காட்டி, பிறகு ஆறு விரலைக் காட்டினேன். மடுவத்தில் எழுந்த குலவைச் சத்தம் வெள்ளத்தின் இரைச்சலையும் மீறி எங்களுக்குக் கேட்டது.

இப்போது அனர்த்த முகாமைத்துவம் என்று பல்கலைக்கழகங்களில் பாடமே இருக்கிறது என்று சொல்கிறார்கள். கணினியில் வரைபடம் வருகிறதாம், மழைக்கு முன்னே செய்தி வருகிறதாம். சந்தோஷம், வரட்டும். எங்களிடம் இருந்தவை ஒரு பட்டியலும் பத்து விரலும்தான். அந்த வேலையைச் செய்த நாட்களை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. மிஸ் தன் அறிக்கையில் பிழையை மறைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பதாகப் பின்னால் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். ஆனால் பிழை எதுவென்று எங்களுக்கு விளங்கியது மறுநாள் காலையில்தான்.

வெள்ளம் வடிந்து, கயிறு கட்டி, அந்த அக்காவைத்தான் முதலில் இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மகளைத் தொட்டுப் பார்த்தார், பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். மிஸ் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, “அம்மா, நான்தான் பிழை விட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். “நோனா என்னா சொல்றாங்க?” என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்கோ இரவெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது அத்தனையும் கோபமாக வெளியே வந்தது. “வெள்ளிக்கிழமை ஒங்க வாசல்ல நின்னு எத்தனை பேருன்னு கேட்டேனேக்கா, அஞ்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“பேரத்தானே டீச்சர் கேட்டீங்க. இவ பேரு நோர்வூட்டு செக்ரோல்ல இருக்கு, எங்களுக்கு இங்க நாலு பேருதான். ஆளக் கேட்டிருந்தா ஆளச் சொல்லியிருப்பேனே.”