ஒன்பது போதாது

இரண்டாவது கையுறையும் கிழிந்தது. கமாதா அதை உரித்துப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு, தட்டிலிருந்த மஞ்சள் கொழுப்பை மறுபடி பிசைந்தாள். போன வாரம் ஒருவரிடமிருந்து வெட்டியெடுத்த பெருங்குடலைச் சுற்றியிருந்த கொழுப்பு. ஃபார்மலினில் ஊறியும் மலவாடை போகவில்லை.

ஜப்பானின் அகிதாவில் எங்கள் ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு இருபத்துமூன்று வருஷம். வீட்டில் எல்லோரும் ஒரே வெந்நீரில் முறைவைத்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்குவாள். தனக்குப் பின் அந்த வெந்நீரை யாரும் தொடக்கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி.

கொழுப்பில் ஒளிந்திருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுப்பது இங்கே அறுத்த டாக்டர்களின் வேலை. புற்று பரவவில்லை என்று சொல்ல குறைந்தது பன்னிரண்டு கணு வேண்டும். சின்ன டாக்டர் ஓனோதேரா ஒன்பதுதான் அனுப்பியிருந்தார். ஒன்பதிலும் புற்று இல்லை.

அவரே வந்தார். வாசலைத் தாண்டாமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பண்றீங்க, கமாதா சான்?"

"நீங்க விட்டதைப் பொறுக்கறேன், டாக்டர்."

"ஒன்பது போதுங்க. நாளைக்கு நாலு மணிக்கு அவர் குடும்பத்தை வரச் சொல்லிட்டேன். புத்து குடலோட சுவரைத் தாண்டியிருக்கு, ஆனா ஈரல் சுத்தம், கணு சுத்தம். ரெண்டாவது ஸ்டேஜ், மருந்து வேண்டாம்னு அனுப்பிடலாம்."

"பத்தாவதுல இருந்தா? மூணாவது ஸ்டேஜ். மருந்து இல்லாம வீட்டுக்குப் போயி, ரெண்டு வருஷத்துல ஈரல்ல வந்து நிக்கும்."

"நான் தேடிப் பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

அவர் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"நாத்தம் தாங்காம ஓடிட்டீங்க. எனக்கும் தாங்கலதான்."

"இவ்வளவு ஆசையா பிசையறீங்க, குடல்கறி சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டேங்கறீங்க."

"அதனாலதான் வரல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேசைமேல் அவருடைய படிவம் இருந்தது: ஆண், ஐம்பத்தெட்டு வயது. நிலை என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் கமாதாவுக்கு நிஜமாகக் குமட்டியது. கைகழுவும் தொட்டியில் துப்பிவிட்டு வந்து மறுபடி விரல்களை விட்டாள். கட்டைவிரலுக்கடியில் அரிசிமணி போல ஒன்று தட்டுப்பட்டது. ஒரு மணி நேரத்தில் நான்கு எடுத்துவிட்டாள். கடைசி, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

மறுநாள் காலை, அதே கூடத்தில் வேலை செய்யும் நான் அந்த நான்கையும் சீவிச் சாயமேற்றிக் கொடுத்தேன். எங்கள் கூடத்தின் பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூன்று சுத்தம். எள்ளளவு இருந்ததில் புற்று இருந்தது. படிவத்தில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். கமாதா மதியம் வெறும் சோற்றில் தேநீர் ஊற்றிச் சாப்பிட்டாள். நாலு மணிக்கு ஓனோதேரா குடும்பத்திடம், ஆறு மாதம் மருந்து, ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் என்று சொன்னார். மிச்சக் கொழுப்பு எரிக்கும் பைக்குள் போனது. ஐந்து மணிக்கு ஓனோதேராவிடமிருந்து அடுத்த டப்பா வந்தது. பெண், நாற்பத்தொன்று. அதில் எட்டு கணுக்கள் இருந்தன.