அன்ரனெற் பூட்டிய பிறேக்

அன்ரனெற்றின் கதையைச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவள் மேல் கோபமில்லை. அவளைச் சுற்றி நின்ற ஆம்பிளைகள் மேல்தான்.

ஸ்காபரோவில் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் கராஜில் நான் போன் எடுக்கிறவள். பில் எழுதுகிறவளும் நான்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு அங்கே இரண்டு மெக்கானிக்குகள். அதில் முறையாகப் படித்து, சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்தவள் குருநகர்ப் பெட்டை அன்ரனெற். வகுப்பில் முப்பத்தொரு பேருக்குள் அவள் ஒருத்திதான் பெண். நகரின் மற்ற அந்தத்தில் இருக்கும் பார்க்டேலில் இருந்து விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி வருவாள். அப்படி வந்து நிற்கிறவளைப் பார்த்து எங்கள் சனம் கேட்கிற கேள்வி: "மெக்கானிக் எங்கை பிள்ளை?"

அவளுடைய தாய் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியே இருந்தார். அவரை இங்கே கூப்பிட அன்ரனெற் ஸ்பொன்சர் பண்ணியிருந்தாள். அதற்கு வேலைக் கடிதம் வேண்டும். ஸ்ரீ அண்ணையோ இரண்டு மாதமாக "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" என்று இழுத்தடித்தார். ஒரு கையெழுத்து வைக்கக் கை முறிந்தா போகும்?

நவரட்ணம் என்பவர் கலியாண மண்டபங்களுக்கு நாற்காலி வாடகைக்குக் கொடுக்கிறவர். பிறேக் பிடித்தால் தன் பிக்கப் வாகனம் உதறுகிறது என்று மே மாதம் கொண்டுவந்தார். அன்ரனெற் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். வேகமாகப் போய் பிறேக்கை மிதிக்க, ஸ்ரேறிங் அவள் கைக்குள் கிடந்து துடித்தது.

"சீற் ஆடேல்லை அக்கா, ஸ்ரேறிங்தான் ஆடுது. அப்ப பிழை முன்னுக்குத்தான்," என்றாள்.

கழற்றி அளந்தாள். முன் பிறேக் டிஸ்க் இரண்டும் சமனில்லை. புதிது போட்டாள். குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் றென்ச் ஒன்று அவளிடம் இருந்தது. அதைக்கொண்டு எல்லாச் சில்லு நட்டுகளையும் ஒரே அளவுக்கு இறுக்கினாள். பிக்கப் ஒரு சிலுப்பல் இல்லாமல் நின்றது.

யூலையில் மனிசன் திரும்பி வந்தார். அதே உதறல்! மற்ற மெக்கானிக் சில்லுகளைக் கழற்றிக் கொடுக்க, அன்ரனெற் டிஸ்க்கைச் சீவிச் சமப்படுத்தி இலவசமாகப் பூட்டிக் கொடுத்தாள். அவரோ கோயில், கடை, கலியாணவீடு எல்லாம் போய், "பொம்பிளை பூட்டின பிறேக் உப்பிடித்தான்" என்று சொல்லித் திரிந்தார். ஸ்ரீ அண்ணை அவளைக் கூப்பிட்டார்.

"உந்தப் பிக்கப் இன்னொருக்கா திரும்பி வந்தால், பிள்ளை, நீ வேறை இடம் பார்."

அதற்கு முந்தின மாரியில் அந்த மற்ற மெக்கானிக் ஜெயந்தன் ஒயில் விட மறந்து ஒருவருடைய எஞ்சினையே எரித்தான். "பெடியன் அவசரத்திலை மறந்துபோனான்" என்று அதற்குச் சாட்டுச் சொன்னதும் இதே வாய்தான்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை பிக்கப் வந்தே விட்டது. பின்னால் மடக்கு நாற்காலிகள்; நாலு மணிக்குக் கலியாணம். ஜெயந்தனுக்கு லீவு. அன்ரனெற் லிஃப்டில் ஏற்றி, முன் சில்லு நட்டைக் கழற்றப் பார்த்தாள். அசையவில்லை. நீளக் கம்பி போட்டுத் தொங்க, கிரீச்சிட்டுக்கொண்டு கழன்றது. அடுத்தது லேசாக வந்தது. மூன்றாவது திரும்பவும் அசையாது என்றது. ஒருபடியாக முன் சில்லு இரண்டையும் கழற்றி நிலத்தில் வைத்தாள்.

"அண்ணை, உந்த நட்டுகளை ஆர் தொட்டது?"

நவரட்ணத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். பொம்பிளைப்பிள்ளையின்ரை கைப்பெலத்தை நம்பி வாகனம் ஓடேலுமோ? ஒவ்வொருக்காலும் வீட்டை போன உடனை, றென்ச்சிலை பைப்பைக் கொளுவி, ஏறி நிண்டு இறுக்கிறனான்."

கேட்டீர்களா கதையை! ஐந்து மாதமாக ஒரு பெட்டையின் பெயரை நாறடித்துவிட்டு, அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்!

"சில்லு நட்டுத்தான் டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒண்டை மிஞ்சி இறுக்கி மற்றதைக் குறைச்சு விட்டால் டிஸ்க் கோணும் அண்ணை," என்றாள் அன்ரனெற். "கோணினது ஓட ஓட ஒரு பக்கம் தேயும். பிறகு உதறாமல் என்ன செய்யும்? உங்கடை வாகனத்தை நீங்கள்தான் உதற வைக்கிறியள்."

பக்கத்தில் நின்ற ஸ்ரீ அண்ணை வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? செருமினார். "சரி, பிழை தெரிஞ்சுபோச்சு. இனிமேல் நீ பூட்டு. கடைசி இறுக்கை ஜெயந்தன் செய்யட்டும். சனத்துக்கும் ஒரு திருப்தி."

"அப்ப சம்பளத்தையும் ஜெயந்தனிட்டையே குடுங்கோ."

கையைத் துடைத்தாள். தன் சாமான் பெட்டியைப் பூட்டி, வாசல் பக்கம் உருட்டத் தொடங்கினாள். கடிதம் இல்லாமல் இவள் தாயை எப்படிக் கூப்பிடப் போகிறாள்?

நவரட்ணத்தார் அந்தரத்தில் நின்ற பிக்கப்பைப் பார்த்தார். ஸ்ரீ அண்ணையைப் பார்த்தார். ஸ்ரீ அண்ணை கராஜ் முதலாளியே தவிர, ஒரு நட்டுக் கழற்றி அறியாதவர்.

"பிள்ளை, நாலு மணிக்குக் கலியாணமடி! பூட்டிப்போட்டுப் போ!"

அவள் திரும்பவில்லை. "ஆர் பூட்டுறது?"

"நீதான்."

"கடைசி இறுக்கு?"

"அவளே இறுக்கட்டும்," என்றார் ஸ்ரீ அண்ணை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டை போய்ப் பைப்பிலை ஏறி நிக்கிறது?"

"அம்மாளாணை, தொடமாட்டன்," என்றார் நவரட்ணத்தார்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, என்ரை வேலைக் கடிதத்தை அடியுங்கோ. அண்ணை கையெழுத்து வைச்ச பிறகுதான் சில்லு ஏறும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ரைப் அடித்ததில்லை. ஸ்ரீ அண்ணை கையெழுத்து வைத்தார். அன்ரனெற் இரண்டு முறை வாசித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, புது டிஸ்க்குகளை எடுத்தாள். பிக்கப் மூன்றரைக்கு வெளியே போனது. இரண்டு ஆம்பிளைகளில் ஒருத்தராவது "பிழை விட்டிட்டம் பிள்ளை" என்று அவளிடம் சொன்னதில்லை, இன்றுவரைக்கும்.