கொழும்பில் ஒரு பகல்: முதலில் கடல்

இவ்வளவு நாளும் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

இன்று மாலை தெமோதரை ஸ்டேஷனில் ஒரு புதுமணத் தம்பதி ரயிலுக்குக் காத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த லீவில் ஒரே ஒரு பகல் கொழும்பைப் பார்க்கப் போகிறார்கள். காலடியில் ஒரு சாக்கு நிறைய முட்டைக்கோவா.

"உது ஆருக்குத் தம்பி?" என்றேன்.

"தோட்டத்துப் பெரிய கிளாக்கரய்யா தங்கச்சிக்குங்க. வெள்ளவத்தையில குடுக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் கொழும்புக்குப் போகிறான் என்று தெரிந்தால் போதும், இந்த ஊரில் ஆளுக்கொரு மூட்டையோடு வந்துவிடுவார்கள். நான் போனபோதெல்லாம் கொழும்பில் பார்த்தது அந்தத் தங்கச்சி வீட்டுக் குசினி அடுப்பை மட்டும்தான்.

அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "கடலை மட்டும் பாத்துட்டா போதுங்கய்யா. நான் பாத்ததே இல்ல."

"அப்ப கோட்டை ஸ்டேஷனிலை இறங்கி பஸ் எடுக்காதேங்கோ. வெள்ளவத்தைக்கும் ரயிலிலையே போங்கோ, அது கடற்கரையோடைதான் போகும். வலப்பக்கம் இருங்கோ. இறங்கினதும் முதலிலை கடல், பிறகு கோவா. வீட்டுக்குள்ளை மட்டும் போகாதேங்கோ. தேங்காய் துருவ விட்டிடுவினம்."

"வாசலோட குடுத்துட்டு வந்தா கிளாக்கரய்யா கோவிச்சுக்குவாரே," என்று அவன் இழுத்தான்.

"கோவிச்சுக்கட்டும். அவரையா நான் கட்டிக்கிட்டு வந்தேன்?" என்றாள் அவள்.

ரயில் வந்ததும் இங்கேயே வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். சாக்கை அவன் தூக்கினான்.

இதை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறேன். நீங்கள் சுமந்தவற்றையும் கீழே எழுதுங்கள்.

என் பெயரைப் போடவில்லை; ஆனாலும் கையெழுத்தைப் பார்த்தே கிளாக்கருக்குத் தெரிந்துவிடும். கோபித்துக்கொண்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் அவர் மன்னித்துவிடுவார். மன்னித்து, அடுத்த மாதம் நான் போகும்போது இரண்டு மூட்டை தந்துவிடுவார்.